அமெரிக்க உள்நாட்டுப் போரின் சாதாரணச் சிப்பாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே நடந்த சண்டையில் இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் என்று இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 51,000 பேர். நம் ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போகும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் ஜெனரல் சிலைகளோடு படம் எடுத்து முடித்ததும், பெரியவர்களும் சரி, பிள்ளைகளும் சரி, கேட்பது கீழ்நிலைச் சிப்பாயைப் பற்றித்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதிலைச் சேர்த்திருக்கிறேன். தளபதிகளின் வியூகங்களை இதில் தேட வேண்டாம்.

அமெரிக்காவுக்கு சுதந்திரம் கிடைச்ச சண்டைதானே இது?

இல்லை. அது பிரிட்டனை எதிர்த்து 1775-ல் தொடங்கி 1783-ல் முடிந்தது. இது அதற்கு எண்பது வருடம் கழித்து அமெரிக்கர்களே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்ற ஆபிரகாம் லிங்கன் 1860 தேர்தலில் ஜெயித்ததும், தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மொத்தம் 11 மாநிலங்கள் சேர்ந்து தங்களைத் தனி நாடு என்று அறிவித்தன. 1861 ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவின் சம்ட்டர் கோட்டை மீது தெற்குப் படை பீரங்கியால் சுட்டதில் போர் தொடங்கியது. 1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்பமாட்டக்ஸில் தெற்கின் முக்கியத் தளபதி ஜெனரல் லீ சரணடைந்தார். மிச்சமிருந்த தெற்குப் படைகளும் அடுத்த சில வாரங்களில் அடங்கின.

பிரியாமல் நின்ற பக்கத்தை வடக்கு என்றும் பிரிந்த பக்கத்தைத் தெற்கு என்றும் இங்கே சொல்கிறேன். வடக்கில் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 20 லட்சம். தெற்கில் 90 லட்சம், அதில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் அடிமைகள். இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும்.

சிப்பாய்னா யாரு தம்பி? ராணுவத்துல இருந்தவங்களா, நம்மள மாதிரி ஆளுங்களா?

நம்மைப் போன்ற ஆட்கள்தான். போருக்கு முன் அமெரிக்காவின் நிரந்தர ராணுவம் மொத்தமே 16,000 பேர் அளவுதான். போர் முடிவதற்குள் வடக்குப் படையில் 20 லட்சத்துக்கு மேலும், தெற்குப் படையில் 8 முதல் 10 லட்சம் வரையிலும் சேர்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் விவசாயம் செய்தவர்கள். மற்றவர்கள் தச்சர், கொல்லர், கடை எழுத்தர், வாத்தியார், மாணவர். பெரும்பாலும் 18-லிருந்து 30 வயதுக்குள். வடக்குப் படையில் நாலில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். ஜெர்மானியரும் அயர்லாந்துக்காரரும் அதிகம். இங்கிலீஷே பேசாமல் ஜெர்மன் மொழியில் கட்டளையிட்ட ரெஜிமென்ட்களும் இருந்தன.

படை திரட்டியது ஊர்வாரியாக. ஒரு கம்பெனிக்கு 100 பேர், பத்துக் கம்பெனி சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட். ஒரே தெருக்காரர்கள், அண்ணன் தம்பிகள், பங்காளிகள், ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லாம் ஒரே கம்பெனியில். தங்கள் கேப்டனை அவர்களே கைதூக்கித் தேர்ந்தெடுத்ததும் உண்டு. நேற்று வரை பக்கத்து வயல்காரனாக இருந்தவனுக்கு இன்று சல்யூட் அடிக்கச் சொன்னால் யார் அடிப்பார்கள்? ஆரம்பத்தில் ஒழுங்கைக் கொண்டுவரப் பட்டபாடு கொஞ்சமல்ல. இன்னொரு விளைவு கொடுமையானது. ஒரு ரெஜிமென்ட் மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டால், ஒரே மதியத்தில் ஒரு ஊரின் இளவட்டம் பாதி போய்விடும்.

எல்லாரும் தானாப் போய்ச் சேர்ந்தாங்களா, இல்ல பிடிச்சிட்டுப் போனாங்களா?

முதலில் தானாகத்தான். லிங்கன் 1861 ஏப்ரலில் 75,000 பேரை 90 நாளைக்குக் கேட்டார். சண்டை அதற்குள் முடிந்துவிடும், வேடிக்கை பார்க்கக்கூட முடியாமல் போய்விடும் என்று பயந்து ஓடிவந்து சேர்ந்தவர்கள் உண்டு. அந்த ஜோர் ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

தெற்கு 1862 ஏப்ரலிலேயே 18 முதல் 35 வயது வரை கட்டாய ஆள்சேர்ப்பைக் கொண்டுவந்தது. அந்த அக்டோபரில், 20 அல்லது அதற்கு மேல் அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரருக்கு விலக்கு என்றார்கள். பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்று சிப்பாய்கள் புலம்ப ஆரம்பித்தது அதன் பிறகுதான் பலமாகக் கேட்கிறது. வடக்கு 1863 மார்ச்சில் சட்டம் போட்டது. அங்கேயும் ஓட்டை இருந்தது: 300 டாலர் கட்டினால் தப்பிக்கலாம், அல்லது மாற்றாளை அனுப்பலாம். ஒரு கூலித் தொழிலாளிக்கு 300 டாலர் கிட்டத்தட்ட ஒரு வருடச் சம்பளம். ஜூலையில் நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. தொடங்கியது ஆள்சேர்ப்பு அலுவலகத்தில். ஆனால் கூட்டம் கடைசியில் அடித்துக் கொன்றது அந்த நகரத்துக் கறுப்பின மக்களை. அவர்களின் அனாதைக் குழந்தைகள் இல்லத்தையும் கொளுத்தியது.

சேர்ந்தால் ரொக்கம் என்று அரசும் ஊர்களும் பல நூறு டாலர் கொடுத்ததால், ஒரு ஊரில் சேர்ந்து பணம் வாங்கிக்கொண்டு ஓடிப்போய், வேறு பெயரில் அடுத்த ஊரில் சேர்வதைத் தொழிலாகவே வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

மாசச் சம்பளம் எவ்வளவுப்பா?

வடக்குச் சிப்பாய்க்குத் தொடக்கத்தில் 11 டாலர், 1861 ஆகஸ்டில் 13 டாலர், 1864-ல் 16 டாலர். தெற்கில் 11 டாலர், கடைசி வருடத்தில் 18 டாலர். எண்ணைப் பார்த்து தெற்கு தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களின் காகிதப் பணம் மதிப்பிழந்து, 1864 வாக்கில் ஒரு மாதச் சம்பளத்துக்கு உருப்படியாக எதுவும் வாங்க முடியாத நிலை. இரண்டு பக்கமும் சம்பளம் மாதாமாதம் வந்ததும் இல்லை. நாலு மாதம், ஆறு மாதம் என்று இழுத்தடித்ததால் ஊரில் மனைவி கடைக்காரரிடம் கடன் சொல்லிக் காலம் தள்ளினாள்.

தினமும் சண்டைதானா?

மூன்று வருடம் சேவை செய்த ஒரு சிப்பாய் உண்மையில் சண்டை போட்ட நாட்களைக் கூட்டினால் சில வாரங்கள்தான் தேறும். மற்ற நாளெல்லாம் கவாத்து, நடை, காவல், விறகு வெட்டுவது, குழி தோண்டுவது, காத்திருப்பது. காலையில் கவாத்து, சாப்பிட்டுவிட்டுக் கவாத்து, மதியம் கவாத்து. வெயில் காலத்தில் கம்பளித் துணிச் சீருடையோடு ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் நடப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவன் மூட்டையில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு கிளம்புவான். இரண்டாவது நாள் சாலையோரம் முழுக்க போர்வையும் கோட்டும் கிடக்கும். வடக்குச் சிப்பாய்க்குக் கூடாரத்தில் பாதிதான் கொடுப்பார்கள். கூட்டாளியின் பாதியோடு பொத்தான் போட்டு இணைத்து, இருவரும் அதற்குள் புகுந்து தூங்க வேண்டும்.

குளிர்காலத்தில் சண்டை பெரும்பாலும் நின்றுவிடும். மரத்தை வெட்டிக் குடிசை போட்டு, மண்ணால் பூசி, அடுப்பு வைத்து மாதக்கணக்கில் இருப்பார்கள். சீட்டு, தாயம், பேஸ்பால், பாட்டு, பேன் பார்ப்பது (இதில் அதிகாரி, சிப்பாய் வித்தியாசம் இல்லை). சண்டைக்குப் போகும் வழியில் சீட்டுக்கட்டையும் பகடையையும் தூக்கி எறிந்துவிட்டுப் போவார்கள். செத்தால் பையில் இருப்பதை அம்மாவுக்கு அனுப்புவார்களே என்ற பயம். பிழைத்தவன் திரும்பி வரும்போது பொறுக்கிக்கொள்வான்.

சாப்பாடு என்ன போட்டாங்க?

வடக்கில் மூன்று பொருட்கள்: ஹார்ட்டாக், உப்புக்கண்டம், காபி. ஹார்ட்டாக் என்பது மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட, உள்ளங்கை அளவுள்ள சதுர பிஸ்கட். அரை அங்குலத் தடிமன் இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்பதோ பத்தோ கொடுப்பார்கள். கடித்தால் பல் போகும். அதனால் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துச் சூடான காபியில் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த வண்டுகள் மேலே மிதக்கும். அவற்றைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டியதுதான். இருட்டில் சாப்பிடுவது உத்தமம் என்று சொல்லிக்கொள்வார்களாம். கையில் பன்றிக் கொழுப்பு இருந்தால் ஊறவைத்த பிஸ்கட்டை அதில் வறுப்பது விருந்து.

காபிதான் உயிர். பச்சைக் கொட்டையாகக் கொடுத்தாலும் தாங்களே வறுத்து, கட்டையால் நசுக்கி, கறுத்துப்போன தகர டப்பாவில் கொதிக்கவைத்துவிடுவார்கள். பத்து நிமிடம் படை நின்றால் போதும், ஆயிரம் சின்ன நெருப்பு எரியும். தெற்கில் கதை வேறு. வடக்குக் கடற்படை துறைமுகங்களை அடைத்துவிட்டதால் காபியே வராது. சிக்கரி, வறுத்த சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று எதையாவது வறுத்துக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். சோளமாவும் பன்றி இறைச்சியும்தான் அவர்களின் அடிப்படை உணவு. கடைசி வருடங்களில் அதுவும் அரைவயிறு. நிலக்கடலையும் சாப்பிட்டார்கள்.

அங்கிள், அந்தத் துப்பாக்கில ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுடலாம்?

நல்ல பயிற்சி இருந்தால் மூன்று. வடக்கில் ஸ்பிரிங்ஃபீல்ட், தெற்கில் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த என்ஃபீல்ட். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி: நாலே முக்கால் அடி நீளம், 4 கிலோ எடை, குழாயின் வாய் வழியாகத்தான் மருந்து போட வேண்டும். இடுப்புப் பெட்டியில் 40 பொட்டலம். ஒன்றை எடுத்து, காகித முனையைப் பல்லால் கிழித்து, வெடிமருந்தைக் குழாயில் கொட்டி, ஈயக் குண்டை உள்ளே வைத்து, நீண்ட கம்பியை உருவி அடிவரைக்கும் இடித்து, கம்பியைத் திரும்பச் செருகி, தீபாவளிப் பொட்டுக் கேப்பு மாதிரி ஒரு சின்னச் செப்புத் தொப்பியைக் குதிரைக்கு அடியில் மாட்டி, அப்புறம்தான் குறி. முன்பல் இல்லாதவனைப் படையில் சேர்க்க மாட்டேன் என்பார்கள்; பொட்டலத்தைக் கிழிக்க முடியாதே. அரை மணி நேரம் சுட்டால் உதடெல்லாம் கரி, மருந்தின் உப்பால் தொண்டை வறண்டு தாகம் பிய்க்கும்.

இதெல்லாம் கவாத்தில் சரி. பக்கத்தில் நின்றவன் விழும்போது? கெட்டிஸ்பர்க்கில் சண்டைக்குப் பிறகு களத்திலிருந்து பொறுக்கிய துப்பாக்கிகள் 27,000-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை சுடாமல் மருந்தோடு கிடந்தன. பலவற்றில் இரண்டு, மூன்று, அதற்கும் மேல் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிக்கப்பட்டிருந்தன. தொப்பி மாட்ட மறந்து, சுட்டுவிட்டதாக நினைத்து, திரும்பத் திரும்ப மருந்தை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கம்பியை உருவ மறந்து குண்டோடு சேர்த்து அதையும் சுட்டுவிட்டு வெறும் கையோடு நின்றவர்களும் உண்டு.

ஏன் முட்டாள்தனமா வரிசையா நின்னு சுட்டாங்க? மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சா என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் காரில் ஏறுவதில்லை. மேலே சொன்ன துப்பாக்கியை வைத்தே யோசியுங்கள். படுத்துக்கொண்டு அந்தக் கம்பியை இடிப்பது பெரும்பாடு. ஒருவன் நிமிடத்துக்கு மூன்று தடவைதான் சுட முடியும் என்றால், முந்நூறு பேர் ஒரே நேரத்தில் சுட்டால்தான் அது எதிரியைத் தடுக்கும். வயர்லெஸ் கிடையாது, கட்டளை கேட்க வேண்டுமென்றால் கூப்பிடு தூரத்தில் கூட்டமாக நிற்க வேண்டும். புகையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ரெஜிமென்டின் கொடி எங்கே அசைகிறதோ அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் கொடி பிடித்தவனைக் குறிவைத்தே சுட்டார்கள், விழுந்ததும் இன்னொருவன் ஓடிவந்து எடுத்தான்.

ஒளியாமலும் இல்லை. 1864-க்குள் சிப்பாய்கள் சொல்லாமலே மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இரண்டு படைகளும் 1864 ஜூன் முதல் 1865 ஏப்ரல் வரை பதுங்குகுழிகளில் எதிரெதிரே கிடந்தன.

ஆறு லட்சம் பேர் செத்தாங்கன்னு போட்டிருக்கே, அத்தனை பேருமா குண்டடி பட்டு?

மூன்றில் இரண்டு பங்கு நோயில் போனவர்கள். 6 லட்சத்து 20 ஆயிரம் என்பது பழைய கணக்கு. 2011-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு வந்த ஆய்வு ஒன்று 7 லட்சத்து 50 ஆயிரம் இருக்கலாம் என்கிறது.

வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு, மலேரியா, நிமோனியா, அம்மை. ஒதுக்குப்புறப் பண்ணையில் வளர்ந்த பையனுக்கு மணல்வாரி அம்மை சின்ன வயதில் வந்திருக்காது; ஆயிரம் பேரோடு ஒரே முகாமில் போட்டதும் முதல் மாதமே படுத்துவிடுவான். எதிரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ரெஜிமென்டில் பெரிய பகுதி படுக்கையில் இருக்கும். கக்கூஸ் குழிக்குப் பக்கத்து ஓடையிலேயே குடிதண்ணீர் எடுத்தார்கள். கிருமி என்ற ஒன்று நோய் தரும் என்பதே அப்போது மருத்துவர்களுக்குத் தெரியாது. மருந்தில் உருப்படியானவை மலேரியாவுக்குக் குயினைன், வலிக்கு அபின். பேதிக்குப் பாதரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். அது நோயைவிட மோசம். என்னைக் கேட்டால் கெட்டிஸ்பர்க்கில் இத்தனை பீரங்கிகளுக்கு நடுவே ஒரு கக்கூஸ் குழியையும் காட்சிக்கு வைத்திருக்க வேண்டும். அதுதான் அதிகம் கொன்றது.

மயக்க மருந்தே இல்லாம கை காலை வெட்டினாங்களாமே?

சினிமாவில்தான். குளோரோஃபார்மும் ஈதரும் அப்போதே இருந்தன, பெரும்பாலான அறுவைகளில் பயன்படுத்தினார்கள். தெற்கில் சில சமயம் தட்டுப்பாடு வந்தது உண்மை. வெளியே நின்றவர்களுக்குக் கேட்ட முனகல், அரைமயக்கத்தில் இருந்தவர்களுடையதும் வரிசையில் காத்திருந்தவர்களுடையதும்.

வெட்டியதற்குக் காரணம் குண்டு. 30 கிராமுக்கு மேல் எடையுள்ள மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டால் நசுங்கி அதைத் தூள்தூளாக்கும், கூடவே அழுக்குச் சட்டைத் துணியையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். விட்டுவைத்தால் அழுகும். சீக்கிரம் வெட்டினால் பிழைக்கலாம். வடக்குப் படையில் உறுப்பை இழந்தவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் பிழைத்தார்கள். வயிற்றில் பட்டவனை மரத்தடியில் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கத்தியைக் கழுவும் வழக்கம் இல்லை, மேலங்கியில் துடைத்துவிட்டு அடுத்த ஆள். கிருமிநாசினி வைத்து அறுவை செய்யும் முறையை ஜோசஃப் லிஸ்டர் வெளியிட்டது போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, 1867-ல்.

பிடிபட்டா என்ன பண்ணுவாங்க?

முதலில் பரிமாற்றம். உன் ஆளுக்கு என் ஆள் என்று 1862-ல் ஒப்பந்தமே போட்டார்கள். 1863-ல் அது முறிந்தது. பிடிபட்ட கறுப்பினச் சிப்பாய்களைப் போர்க் கைதிகளாக நடத்தத் தெற்கு மறுத்தது முக்கியக் காரணம். அதன் பிறகு சிறைகள் நிரம்பி வழிந்தன.

ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் மரவேலி போட்ட வெட்டவெளி. 10,000 பேருக்குக் கட்டியது. 1864 ஆகஸ்டில் 33,000 பேர் அளவுக்கு அடைத்திருந்தார்கள். கூரை இல்லை, நடுவே ஓடும் ஒரே ஓடைதான் குடிக்கவும் மற்றதுக்கும். வேலிக்கு உள்ளே ஒரு கோடு, தாண்டினால் சுடுவார்கள். பதினாலு மாதங்களில் அங்கே போன சுமார் 45,000 பேரில் 13,000 பேர் இறந்தார்கள். அதன் தளபதி ஹென்றி விர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். வடக்கு யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. நியூயார்க்கின் எல்மைராவில் இருந்த தெற்குக் கைதிகள் 12,000 பேரில் கிட்டத்தட்ட 3,000 பேர் குளிரிலும் நோயிலும் போனார்கள்.

கறுப்பின மக்கள் சண்டை போட்டாங்களா, இல்ல அவங்களுக்காக மத்தவங்க போட்டாங்களா?

போட்டார்கள். முதல் இரண்டு வருடம் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள். 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்த பிறகு ஆள்சேர்ப்பு வேகம் பிடித்தது. போர் முடிவதற்குள் தரைப்படையில் மட்டும் சுமார் 1 லட்சத்து 79 ஆயிரம் பேர், அதாவது வடக்குப் படையில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். பெரும்பாலோர் நேற்று வரை அடிமைகளாக இருந்தவர்கள். சுமார் 40,000 பேர் இறந்தார்கள், அதில் 30,000 பேர் மேலே சொன்ன நோய்களில்.

சம்பளக் கேள்வியில் 13 டாலர் என்றேனே, இவர்களுக்கு 10 டாலர்தான். அதிலும் துணிக்கு என்று 3 டாலர் பிடித்துக்கொண்டு கையில் 7. மாசசூசெட்ஸின் 54-வது ரெஜிமென்ட் அந்தப் பணத்தைத் தொடவே மாட்டோம் என்றது. குறையும் தொகையை மாநில அரசு தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றார்கள். கேட்டது காசு அல்ல, சமம். 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டை மீது அவர்கள் பாய்ந்ததும் அந்தச் சம்பளமில்லாக் காலத்தில்தான். 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சமச் சம்பளம் தந்தது. இவர்கள் சரணடைந்தாலும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. 1864 ஏப்ரலில் டென்னசியின் பில்லோ கோட்டையில் ஆயுதத்தைக் கீழே போட்ட பின்பும் கொன்றார்கள்.

பொம்பளைங்க, சின்னப் பசங்க எல்லாம் இருந்தாங்களா?

பெண்கள் ஆண் வேடத்தில் இருந்தார்கள். குறைந்தது 400 பேர் என்பது வழக்கமான மதிப்பீடு. மருத்துவப் பரிசோதனை என்பது பல்லையும் விரலையும் பார்ப்பதோடு முடிந்ததால் நுழைவது கஷ்டமில்லை. இல்லினாயின் 95-வது ரெஜிமென்டில் ஆல்பர்ட் கேஷியர் என்பவர் மூன்று வருடம் முழுதாகப் பணியாற்றினார். பிறந்தபோது பெண், போருக்குப் பிறகும் ஆணாகவே வாழ்ந்தார். 1911-ல் கால் முறிந்து மருத்துவரிடம் போனபோதுதான் தெரிந்தது. பென்ஷன் அலுவலகம் விசாரணை வைத்தது. கூடச் சண்டை போட்ட கிழவர்கள் வந்து, இவர் எங்கள் ஆள்தான் என்று சாட்சி சொன்னார்கள். பென்ஷன் தப்பியது. 1915-ல் சீருடையோடு அடக்கம் செய்தார்கள்.

முரசு அடிக்கும் பையன்களைச் சட்டப்படியே சேர்த்தார்கள். ஜானி கிளெம் ஒன்பது வயதில் வீட்டை விட்டு ஓடிவந்து மிச்சிகன் ரெஜிமென்டோடு ஒட்டிக்கொண்டவர். ராணுவத்திலேயே வளர்ந்து 1915-ல் ஓய்வுபெற்றார்.

செத்துட்டா வீட்டுக்கு யாருங்க சொல்லுவாங்க?

அரசு சொல்லாது. அதற்கென்று துறையே இல்லை. அடையாள வில்லையும் கொடுக்கவில்லை. கூட இருந்தவனோ கேப்டனோ கடிதம் எழுதினால் உண்டு. இல்லாவிட்டால் பத்திரிகையில் வரும் பட்டியலைத் தேட வேண்டும். மோசமான சண்டைக்கு முன் சிப்பாய்கள் காகிதத்தில் பெயரும் ஊரும் எழுதிக் கோட்டின் முதுகில் குத்திக்கொண்டார்கள். வடக்கில் பத்துக்கு ஒன்பது பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், கடிதங்களுக்குத் தணிக்கையும் இல்லை. அந்தப் போரை இவ்வளவு நெருக்கமாக நாம் இன்று தெரிந்துகொள்ள முடிவது அதனால்தான்.

கெட்டிஸ்பர்க் ஊருக்குள் ஒரு வடக்குச் சிப்பாயின் உடல் கிடைத்தது. கையில் மூன்று குழந்தைகளின் கண்ணாடிப் புகைப்படம், வேறு ஒன்றும் இல்லை. அன்றைய செய்தித்தாளில் புகைப்படம் அச்சிட முடியாது. எனவே படத்தை வார்த்தையில் எழுதிப் போட்டார்கள்: இரண்டு பையன், நடுவே சின்னவன் உயர்ந்த நாற்காலியில், மூத்தவனின் சட்டையும் பெண் குழந்தையின் கவுனும் ஒரே துணி. நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில்லில் ஒரு தாய் அதைப் படித்தாள். அந்தத் துணியை அவளுக்குத் தெரியாதா? இறந்தவர் 154-வது நியூயார்க் ரெஜிமென்டின் சார்ஜென்ட் ஏமஸ் ஹியூமிஸ்டன். கெட்டிஸ்பர்க் கல்லறைத் தோட்டத்தில் 979 பேருக்கு இந்த அளவு அதிர்ஷ்டம்கூட இல்லை. பெயர் இல்லாத சின்னக் கற்கள்தான்.

தெற்குச் சிப்பாய் பெரும்பாலும் ஏழைதானே? அவன்கிட்ட அடிமையே இல்லாதப்ப எதுக்குச் சண்டை போட்டான்?

நியாயமான கேள்வி. இதை வைத்து, அப்படியானால் போர் அடிமை முறைக்காக இல்லை என்று முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. தெற்கின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சில், வெள்ளையனுக்குக் கறுப்பினத்தவன் சமமில்லை என்பதுதான் தங்கள் அரசின் மூலைக்கல் என்று மேடையிலேயே சொன்னார். பிரிந்த மாநிலங்களில் மூன்றில் ஒரு குடும்பம் அளவுக்கு அடிமை வைத்திருந்தது. மிசிசிப்பியில் கிட்டத்தட்ட பாதி. சிப்பாயிடம் இல்லாவிட்டாலும் அப்பாவிடமோ மாமாவிடமோ இருந்திருக்கும். இல்லாதவனுக்கும், எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்ற படிநிலை தேவைப்பட்டது. படிநிலை ஏன் ஏழைக்கும் இனிக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இதோடு, ஊருக்குள் எதிரிப்படை வந்துவிட்டதே என்ற கோபம், கூட்டாளி போகும்போது நான் எப்படி வீட்டில் இருப்பது என்ற மானம், 1862-க்குப் பிறகு கட்டாயம், எல்லாம் கலந்தே இருந்தன.

வடக்குச் சிப்பாயும் அடிமைகளை விடுவிக்கக் கிளம்பியவன் இல்லை. நாடு உடையக் கூடாது என்றுதான் பெரும்பாலோர் சேர்ந்தார்கள். தெற்கே போய்த் தோட்டங்களை நேரில் பார்த்த பிறகு பலர் மாறினார்கள், சிலர் கடைசிவரை முணுமுணுத்தார்கள். 1864 தேர்தலில் தனியாக எண்ணப்பட்ட சிப்பாய் ஓட்டில் முக்கால் பங்குக்கு மேல் லிங்கனுக்கு விழுந்தது.

ஓடிப்போனா சுட்டுடுவாங்களா?

சட்டப்படி மரண தண்டனை. ஆனால் ஓடிய எல்லோரையும் சுட்டால் படையே மிஞ்சாது. வடக்கில் சுமார் 2 லட்சம், தெற்கில் 1 லட்சத்துக்கு மேல் ஓடினார்கள். எல்லாக் குற்றங்களுக்கும் சேர்த்து மரண தண்டனை நிறைவேற்றியது இரு பக்கமும் சுமார் 500 பேருக்கு. மற்றவர்களுக்கு அபராதம், சிறை, தலையை மொட்டையடித்து முகாமைச் சுற்றி ஊர்வலம், உடம்பில் சூடு. லிங்கன் கருணை மனுக்களைப் படித்து நிறையப் பேரைக் காப்பாற்றினார், அவருடைய தளபதிகளுக்கு அது பிடிக்கவில்லை.

ஓடியவன் எல்லாம் கோழை இல்லை. குழந்தைகள் பட்டினி, நீ வராவிட்டால் செத்துவிடுவோம் என்று மனைவியின் கடிதம் வரும். விதைப்புக் காலத்தில் கிளம்பிப் போய், உழுதுவிட்டுத் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். 1864–65 குளிர்காலத்தில் திரும்பி வருவது நின்றுபோனது.

எதிரிகள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டாங்கங்கிறது நிஜமா?

நிஜம். காவல் வரிசையில் நிற்பவர்கள் அதிகாரி பார்க்காத நேரம் பண்டமாற்று செய்வார்கள். வடக்கிடம் காபி, தெற்கிடம் புகையிலை. 1862–63 குளிர்காலத்தில் வர்ஜீனியாவின் ரப்பஹானக் ஆற்றில் சின்ன மரப்படகு செய்து, செய்தித்தாளில் பாய் கட்டி, சரக்கை அக்கரைக்கு அனுப்பினார்கள். கறுப்பினச் சிப்பாய்கள் நின்ற இடங்களில் இந்தச் சிநேகம் பெரும்பாலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

சிப்பாயைவிட சரக்கு வழியாக உண்டு. தெற்கின் துறைமுகங்களை அடைத்ததும் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு வரவில்லை, இந்தியப் பருத்தி விலை எகிறியது. பெரும்பகுதி பம்பாய் வழியாகப் போனது. நம் கரிசல்காட்டுப் பருத்தி தூத்துக்குடி வழியாகப் போனது. 1865-ல் போர் முடிந்ததும் விலை விழுந்து பலர் நொடித்துப் போனார்கள். அப்புறம் வெடியுப்பு. வடக்குச் சிப்பாய் பல்லால் கிழித்த பொட்டலத்தில் இருந்த வெடிமருந்துக்கு வெடியுப்பு பெருமளவு பிகார், வங்காளம் பக்கமிருந்து பிரிட்டிஷ் வியாபாரிகள் மூலம் போனது.

இன்னொன்று: தெற்கின் அலபாமா என்ற கப்பல் 1864 ஜனவரியில் மலபார்க் கரையருகே ஒரு வடக்கு வணிகக் கப்பலைப் பிடித்து எரித்துவிட்டு, அதிலிருந்தவர்களைத் திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது.

போர் முடிஞ்சப்புறம் இவங்களுக்கு என்ன ஆச்சு?

வீட்டுக்குப் போனார்கள். வடக்குச் சிப்பாய்க்கு மத்திய அரசு பென்ஷன் கொடுத்தது. 1890-ல் விதியைத் தளர்த்தியதும் செலவு ஏறி, அரசின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போனது. தோற்ற பக்கத்துக்கு மத்திய அரசு தரவில்லை. அந்தந்த மாநிலம் கொஞ்சம் கொடுத்தது. 1913-ல் கெட்டிஸ்பர்க்கில் 50,000-க்கு மேற்பட்ட கிழவர்கள் இரு பக்கத்திலிருந்தும் வந்து கூடினார்கள்.

பென்ஷனில் ஒரு விசித்திரம். வட கரோலினாக்காரர் ஒருவர் தெற்குப் படையில் இருந்தார். கெட்டிஸ்பர்க்குக்கு முன் நோயில் படுத்ததால் சண்டையிலிருந்து தப்பினார். அவருடைய ரெஜிமென்ட் அங்கே சின்னாபின்னமானது. பிறகு ஓடிப்போய் வடக்குப் படையில் சேர்ந்தார். அதனால் பென்ஷன். எண்பது வயதைத் தாண்டி, 1930-ல் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். ஊனமுற்ற வாரிசு என்ற முறையில் அந்த அம்மாள் மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிவந்தார், 2020-ல் இறக்கும்வரை.

எங்க மருமகளோட முப்பாட்டனார் இந்தப் போர்ல இருந்தாராம். அவரைப் பத்தித் தேட முடியுமா?

முடியும், நம் முன்னோரைத் தேடுவதைவிட எளிது. தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் இரு பக்கச் சிப்பாய்களின் பெயர்ப் பட்டியல் இலவசமாக இருக்கிறது. அதில் ரெஜிமென்டைக் கண்டுபிடித்துவிட்டால், வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சேவைக் குறிப்பைக் கேட்கலாம்: எப்போது சேர்ந்தார், எந்த மாதம் ஆஜர், எப்போது ஆஸ்பத்திரி, உயரம், கண் நிறம், தொழில். வடக்குக்காரராக இருந்தால் பென்ஷன் கோப்பையும் கேளுங்கள், விஷயமெல்லாம் அதில்தான். கல்யாணச் சான்று, பக்கத்து வீட்டார் வாக்குமூலம், மருத்துவர் குறிப்பு என்று தடிமனாக இருக்கும். தெற்குக்காரர் என்றால் பென்ஷன் கோப்பு மாநில ஆவணக் காப்பகத்தில்.

ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், எழுத்துக்கூட்டலும் எழுத்தரின் இஷ்டத்துக்கு மாறும். எனவே ஊர், கம்பெனி இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே இவர்தான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லுங்கள். ஓடிப்போனவர் என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். ஆஸ்பத்திரியில் கிடந்தவனையும் ஆஜர் பட்டியலில் காணோம் என்று அப்படி எழுதியிருக்கிறார்கள், பிறகு திருத்தியும் இருக்கிறார்கள். அடுத்தடுத்த மாதக் குறிப்புகளையும் புரட்டிப் பாருங்கள்.